கெங்கம்மாவின் வலப்பக்கம்

என் அக்கா வீட்டுக்காரர் பரசுராமனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு முழம் பட்டு நூல் கிடக்கும். தறிக்கு அவர் சேர்க்கும் ஒவ்வொரு மரத்தையும் அந்த நூலை வைத்துத்தான் சோதிப்பார். நூலின் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, இரண்டு மரம் சேரும் இடுக்கில் வைத்துத் தள்ளுவார். நூல் உள்ளே போய்விட்டால் அந்தச் சேர்ப்பை அப்படியே பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். அன்றைக்கு அவரிடம் வாயைக் கொடுத்தவன் தொலைந்தான். நூல் போகாமல் மடங்கி நின்றால் ஒரு பீடியைப் பற்றவைப்பார். அவ்வளவுதான் அவருடைய சந்தோஷம்.

பிறந்தது நெசவுக் குடும்பம். ஆனால் குழித்தறியில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் உட்கார அவரால் ஆகாது. பதினேழு வயதில் பாதிச் சேலையில் எழுந்து போனவர் என்று என் அக்கா திலகவதி இன்னும் குத்திக்காட்டுவாள். அவள் அதே தறியில் உட்கார்ந்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், சொல்ல உரிமை உண்டு. மாமா தறியில் உட்காராமல் தறி செய்யப் போனார். ஆரணியில் இன்றைக்கு ஓடும் கைத்தறிகளில் நிறைய அவர் கை பட்டவை. ஆடாது, முனகாது, இழையை அறுக்காது. பட்டுப் பாவு கட்டிய தறியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது என்பதால், மாமாவின் மரங்கள் எல்லாம் ஆயுள் முழுக்க வீட்டுக்குள் காய்ந்தே கிடந்தன. பின்னால் நடந்ததற்கெல்லாம் காரணம் இதுதான் என்று எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

இந்த மனிதரைக் கடல் பக்கம் இழுத்தவர் சுப்பராயலு. சரக்குக் கப்பல்களின் இன்ஜின் அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, பெரணமல்லூர் போகும் வழியில் இருக்கும் தன் நிலத்துக்குத் திரும்பி வந்தவர். சும்மா வரவில்லை. எங்கோ ஒரு துறைமுகத்து மூலையில் இற்றுக்கொண்டிருந்த பழைய மரப் பாய்ப்படகு ஒன்றை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். முப்பது அடி நீளம், அயினி மரப் பலகை. கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, வேர்க்கடலைக் கொல்லை நடுவே கொட்டகை போட்டு அதை நிறுத்தினார். தன் அம்மாவின் பெயரையே அதற்கு வைத்தார்: கெங்கம்மா. கப்பல் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு வாரம் கொட்டகை வாசலில் ஐஸ் வண்டி நின்றது.

படகுத் தச்சர் இந்தப் பக்கம் ஏது, புதுப்பிக்க அவர் தேடியது தறி செய்கிறவனை. கூப்பிட்டதும் மாமா போய்ப் பார்த்தார். வெயிலில் காய்ந்த பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. இதைப் பார்த்து மாமாவுக்கு உடம்பெல்லாம் கூசியதாம். "இன்னாங்க இது, பல்லு போன வாய் மாதிரி" என்று கேட்டிருக்கிறார். அன்று மாட்டியவர்தான், மூன்று வருஷம் எழுந்திருக்கவில்லை.

இடப்பக்கத்தை இருவரும் சேர்ந்து செய்தார்கள். சுப்பராயலு சொன்னபடி, இற்ற பலகைகளை மாற்றி, இடுக்குகளில் பருத்தித் திரியைத் தட்டி அடைத்து, மேலே மக்கு என்கிற மெத்தென்ற பூச்சைப் பூசினார்கள். மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பஞ்சா என்று வீட்டுக்கு வந்து புலம்புவார். வலப்பக்கம் தொடங்கும் நேரத்தில் சுப்பராயலுவுக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வாசம் ஆரம்பித்தது. அந்த எட்டு மாதமும் கொட்டகையில் மாமா தனி ஆள். தட்டிக் கேட்க ஆளில்லாத சந்தோஷத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். பஞ்சை எடுத்து எறிந்துவிட்டு, ஒவ்வொரு இடுக்கின் அளவுக்கும் மெல்லிய தேக்கு ரீப்பர் சீவி, பசை தடவி, இறுக்கி அடித்தார். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கிக் கிடந்த பலகைகளை, இம்மி இடமில்லாமல் பூட்டினார். கடைசியில் நூலை வைத்துப் பார்த்தார். வலப்பக்கம் முழுவதிலும் ஓரிடத்தில்கூட நூல் நுழையவில்லை.

சுப்பராயலு அதைப் பார்க்கவில்லை. தை மாதம் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். அவருடைய ஒரே மகள் பவித்ரா பெங்களூரில் வேலையாக இருப்பவள். அப்பாவின் படகைக் கொட்டகையிலேயே கரையான் அரிக்க விட அவளுக்கு மனசில்லை. கடலில் ஓட்டத் தெரிந்தவர் யாருக்காவது விற்றுவிடலாம் என்றாள். விளம்பரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. செய்யாறு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

"விற்பனைக்கு. முழுதும் புதுப்பித்த பழைய மரப் பாய்ப்படகு. எல்லாம் கைவேலை. நேரில் பார்க்க: ஆரணி" என்று படத்தோடு போட்டேன். வந்த போன்களில் பாதி, ஆரணியில் ஏது கடல் என்று கேட்டுச் சிரிக்க வந்தவை. மீதியில் இரண்டு பேர் நிஜமாகவே வந்தார்கள். இரண்டு பேரையும் மாமாதான் விரட்டினார். சென்னையிலிருந்து வந்தவரிடம், பாய்மரத்தில் உள்வெடிப்பு இருக்கிறது, காற்றடித்தால் தலையில் விழும் என்றார். வெடிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பெங்களூர்க்காரர் படகை ஓட்டலில் அலங்காரத்துக்கு வைக்கப்போகிறார் என்று தெரிந்ததும், இந்த மரம் ஏசிக் காற்றில் நாறும் என்று கூசாமல் சொன்னார். பவித்ராவுக்கு இது தெரிந்து, எனக்கு போன் போட்டாள்.

"உங்க மாமா படகு வேலை செஞ்சாரா, இல்ல அதக் கல்யாணம் பண்ணிக்கினாரா?"

 மாமாவிடம் போய், இன்னொரு முறை வாயைத் திறந்தால் கொட்டகைச் சாவியை வாங்கிவிடுவேன் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தறியிலிருந்தபடியே சிரித்தாள்.

மூன்றாவதாக வந்தவர் அருள்ராஜ். புதுச்சேரியில் ஆழ்கடல் நீச்சல் கற்றுக்கொடுக்கிறவர், பிறந்தது தூத்துக்குடி. பைபர் படகுகளிலேயே பழகியவருக்கு மரப்படகு இதுதான் முதல். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறினார். அதிலேயே மாமா பாதி விழுந்துவிட்டார். வலப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டே முன்னிருந்து பின்வரை நடந்தார் அருள்ராஜ். "இந்தப் பக்கம் பளிங்கு மாதிரி இருக்குங்க. அந்தப் பக்கத்தவிட இது ஒசத்தி" என்றார். மாமா பீடியைப் பற்றவைத்தார்.

விலை பேசி முடிந்தது. இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை டிரெய்லரும் கிரேனும் வரும், மறுநாளே துறைமுகத்தில் இறக்கிவிடலாம் என்று முடிவானது. கிளம்பும்போது அருள்ராஜ் மாமாவிடம் சாதாரணமாக ஒன்று சொன்னார்.

"தண்ணியில விட்டா ரெண்டு நாளு உள்ள கசியுமாமே. அப்பறம் பலகை உப்பி, தானா அடைச்சுக்குமாம். படிச்சேன்."

"பலகையா? பஞ்சு தானே உப்பும்?" என்று கேட்டார் மாமா.

"பலகைதாங்க. ஒவ்வொன்னும் நல்லா உப்புமாம்."

 திரும்பி வரும் வழியெல்லாம் மாமா பைக்கின் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். விற்றுப்போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

டிரெய்லர் வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். கொல்லைப்புறத் தண்ணீர்த் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மரத்துண்டை எடுத்தார். வலப்பக்க வேலைக்கு முன்னால் அவர் மாதிரிக்குச் செய்து பார்த்தது. குறுக்குக் கட்டை ஒன்றின் மேல் இரண்டு அயினிப் பலகை, நடுவே இறுக்கி அடித்த தேக்கு ரீப்பர். பத்து நாளாக ஊறிக் கிடந்திருக்கிறது. ரீப்பரும் பலகையும் அசையவில்லை. ஆனால் அவற்றைத் தாங்கிய குறுக்குக் கட்டை நடுவில் பிளந்திருந்தது.

"பலகைக்கு உப்ப எடம் இல்லடா. நான் எடம் வுடல. அது போயி விலா எலும்ப ஒடைக்குது" என்றார் மாமா. படகின் உள்ளே பலகைகளைத் தாங்கும் வளைந்த கட்டைகளைத்தான் விலா என்பார்கள். "கடல்ல போயி வலப்பக்க விலா பூரா ஒடைஞ்சா, படகு வாயப் பொளந்துடும்."

நான் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தேன். எனக்கு வந்தது பயம் இல்லை, கோபம்.

"மாமா, எனக்கே காது குத்துறீங்களா? இத உளி வெச்சு நீங்களே பொளக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"சத்தியமா இல்லடா."

"பாய்மரத்துல வெடிப்புன்னு சொன்னதும் சத்தியமா தான் சொன்னீங்க. மரம் நாறும்னு சொன்னதும் அப்டி தான்."

 அக்கா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அவளும் அந்தத் துண்டைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, அத வுட்டுடுங்க. அது நம்புளுது இல்ல" என்றாள். அதைவிட அவர் முகத்தில் ஓங்கி அறைந்திருக்கலாம்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போகும்போது, மழைக்காலத்தில் உப்பி மூட முடியாமல் போகும் எங்கள் அக்கா வீட்டுக் குளியலறைக் கதவின் மேல் கையை வைத்து ஒரு கணம் நின்றார். வருஷா வருஷம் ஐப்பசியில் அந்தக் கதவை இழைத்துக் கொடுப்பவர் அவர்தான். இருபது வருஷமாக அதைச் செய்தும் படகு விஷயத்தில் அவருக்கு அது தோன்றவில்லை. கதவை அவர் வேலை என்றே கணக்கில் வைத்ததில்லை, தறியும் படகும் மட்டும்தான் வேலை.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் பவித்ராவும் கொட்டகைக்குப் போனபோது, படகின் வலப்பக்கம் முழுக்க ஈரச் சாக்குகள் போர்த்தியிருந்தன. போர் தண்ணீர்க் குழாயை ஒருவர் மாற்றி ஒருவர் பிடிக்க ஆளில்லாமல், அவரே சாக்குகளின் மேல் ஓடவிட்டுக் கட்டியிருந்தார். படகின் உள்ளேயும் முழங்காலளவு தண்ணீர். அதன் நடுவே, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இது இன்னா கூத்துங்க அண்ணா?" என்றாள் பவித்ரா. அவள் குரலில் அழுகையும் எரிச்சலும் கலந்திருந்தது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைவரைதான் லீவு.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சை எடுத்து எறிந்தது, ரீப்பர் அடித்தது, தொட்டியில் ஊறவைத்தது என ஒன்றையும் மறைக்கவில்லை. பவித்ரா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நம்பாதே என்று நான் வாயால் சொல்லவில்லை, ஆனால் நான் குனிந்ததற்கு அதுதான் அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு அருள்ராஜ் டிரெய்லரோடு வந்து இறங்கினார். பவித்ரா அவரைத் தனியே கூட்டிப்போய், முன்னால் வந்த இருவரை மாமா விரட்டிய கதையைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. நேரே படகுக்கு வந்து ஏணியில் ஏறி நின்றார்.

"பெரியவரே, பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல? இவ்ளோ தூரம் வண்டி கொண்டாந்திருக்கேன்."

மாமா வேறொன்று கேட்டார். "இதுல யார் யார் ஏறப் போறீங்க?"

"நானு, என் வீட்டுக்காரி, பொண்ணு. எதுக்குக் கேக்கறீங்க?"

"பொண்ணுக்கு இன்னா வயசு?"

"ஒம்பது."

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து தண்ணீரில் நின்றார். "ரெண்டு நாளு குடுங்க. நாளைக்கு சாயந்தரம் நாலு மணி வரைக்கும். அதுக்குள்ள ஒரு விலாவாச்சும் ஒடையலன்னா நானே உங்க வண்டியில ஏத்திக் குடுக்கறேன். அப்பால இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டேன்."

 ஒன்பது வயது என்று சொன்ன பிறகு, மாட்டேன் என்று சொல்ல அருள்ராஜுக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமை நான்கு மணி என்று ஒத்துக்கொண்டு, ஆரணியில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தார்.

அந்த இரண்டு நாளும் மாமா படகை விட்டு இறங்கியது இயற்கை உபாதைக்கு மட்டும்தான். நான் சனிக்கிழமை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு போய் உட்கார்ந்தேன். அனுதாபத்தில் இல்லை, அவர் ரகசியமாக உளியை வைத்து எதையாவது பிளந்துவிடாமல் கண்காணிக்கத்தான். அதை வெளியே சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவருக்கும் அது தெரிந்திருந்தது. உளிப்பையை எடுத்து என் மடியில் வைத்து, "வெச்சிக்கோ" என்றார்.

காதை விலாக்கட்டையில் வைத்துக் கேட்பார். ஒவ்வொன்றையும் விரலால் தடவுவார். மணிக்கொரு முறை குழாயை இடம் மாற்றிக் கட்டுவார். கொட்டகைக்குள் தண்ணீர் சொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. உடைந்தால் மூன்று வருஷ உழைப்பு வீண், ஊர் முழுக்க அவர் பெயர் நாறும். உடையாவிட்டால் அவர் பொய்யர், படகு கடலுக்குப் போகும், என்றாவது ஒருநாள் கரை தெரியாத இடத்தில் உடையும். எது நடக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் அக்கா சோறு கொண்டுவந்தாள். தூக்குச்சட்டியை ஏணி வழியாக நீட்டிவிட்டு, "ஒண்ணும் ஆவலயா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். அவள் கீழேயே நின்றுகொண்டாள். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுச் சட்டியை மூடி வைத்தார்.

மூன்று மணிக்குக் கிரேன் வந்துவிட்டது. மூன்றரைக்கு பவித்ரா ஏணியில் ஏறி, "அண்ணா, போதும். இறங்குங்க" என்றாள், கெஞ்சுகிற மாதிரி. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணிவரை விடு என்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அடியில் இருந்த அடைப்பைத் திறந்து தண்ணீரை வெளியே விட்டார். கடலைக் கொல்லைக்குள் அது ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கினார்.

கிரேன்காரர் பெல்ட்டைப் படகின் அடியில் கொடுத்தபோது, மாமாவே ஓடிப்போய் மடித்த சாக்குகளை பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சொருகினார். பெயின்ட் உரசிவிடக் கூடாதாம். பொய் சொல்லி விற்பனையைத் தடுக்கிறவன் செய்கிற காரியமா அது என்று எனக்குள் ஏதோ இடறியது. ஆனால் அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அக்கா என்னைப் பார்த்து, தூக்குச்சட்டி உள்ளேயே இருக்கிறது, எடுத்துக்கொண்டு வா என்றாள்.

நான் ஏணியில் ஏறி உள்ளே இறங்கினேன். சட்டி ஸ்டூலின் மேல் இருந்தது. குனிந்து எடுத்தபோது, என் வலது தோளுக்குப் பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். சுள்ளியை ஒடிக்கும் சத்தம் அளவுக்குத்தான் இருக்கும். திரும்பிப் பார்த்தேன். பத்தாவது விலாவோ பதினொன்றாவதோ, வளைவு அதிகமாக இருக்கும் இடத்தில், மயிரிழை மாதிரி ஒரு கோடு. என் கண் முன்னாலேயே அது நீண்டது. தொட்டுப் பார்த்தேன், விரல் நுனியில் சிலாம்பு குத்தியது.

வெளியே கிரேன் இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் இது கேட்டிருக்க முடியாது. ஒரு உண்மையை இங்கே சொல்லிவிட வேண்டும். நான் உடனே கத்தவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இப்போது நான் பேசாமல் இறங்கினால் படகு போய்விடும், பவித்ரா நிம்மதியாக பெங்களூர் போவாள், ஊரில் மாமாவின் வலப்பக்கம் பளிங்கு என்றுதான் பேசிக்கொள்வார்கள், முழுதும் புதுப்பித்தது என்று நான் எழுதிய விளம்பரம் பொய் என்பது யாருக்கும் தெரியாது. இவ்வளவும் என் மூளையில் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. பிறகு அந்த ஒன்பது வயது ஞாபகம் வந்தது. 

தலையை வெளியே நீட்டி, "மாமா, ஒடைஞ்சிடுச்சி" என்றேன்.

கிரேன்காரர் இன்ஜினை நிறுத்தினார்.  மாமாதான் முதலில் பேசினார்.

"எவ்ளோ நீளம்?"

"ஒரு சாண் இருக்கும்."

அவர் அப்படியே கடலைக் கொல்லை வரப்பில் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. என் அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்தாள். அருள்ராஜும் பவித்ராவும் ஏறி வந்து பார்த்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து விலாவும் விட்டது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

பவித்ரா இறங்கி வந்து மாமா முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணா" என்றாள். அவர் துண்டை எடுக்காமலேயே, "நாந்தாம்மா கேக்கணும். உங்கப்பா பஞ்சு வையின்னு தான் சொன்னாரு" என்றார்.

அருள்ராஜ் அன்று கோபமாகத்தான் போனார். காலி டிரெய்லரோடு திரும்புகிறவனிடம் நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது. நான் விளம்பரத்தை எடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து அவரே எனக்கு போன் செய்தார். படகை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "தப்பைத் தானே வந்து சொல்ற ஆள் செஞ்ச படகு எனக்கு வேற எங்க கெடைக்கும்?" என்றார்.

வைகாசி முடிவிலிருந்து புரட்டாசிவரை மாமா வலப்பக்கத்து ரீப்பர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். தான் இறுக்கியதைத் தானே பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவர் உளியைப் பார்த்தால் தெரியும், வாரத்துக்கு ஒன்று மழுங்கியது. உடைந்த விலாக்களுக்குப் பதில் புதிது வளைத்தார். அதெல்லாம்கூட ஆனது. இடைவெளி விடுவதுதான் அவருக்கு ஆகவில்லை. இடுக்கை அகலப்படுத்தப் போவார், கை நின்றுவிடும். கடைசியில் என் அக்காதான் தறியை ஒரு மாதம் மூடிவிட்டுக் கொட்டகைக்கு வந்தாள். ஒரு ரூபாய்க் காசை இடுக்கில் நுழைத்துப் பார்த்து, "இன்னும் வேணும், இன்னும் எடுங்க" என்று பக்கத்திலேயே நின்றாள். பருத்தித் திரியை அவள்தான் முறுக்கி அடைத்தாள். நூலை இறுக்காமல், தளர்த்தாமல் வைக்க அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சுப்பராயலு நிலத்துப் பண்ணைக் குட்டை இரண்டு ஆள் ஆழத்துக்கு நிரம்பியது. கடலுக்குக் கொண்டுபோகும் முன் இங்கேயே விட்டுப் பார்த்துவிடுவோம் என்றார் அருள்ராஜ். இந்த முறை மனைவி, மகளோடு வந்திருந்தார். பவித்ராவும் வந்தாள். கிரேன் கெங்கம்மாவைத் தூக்கிக் குட்டையில் இறக்கியது. சுற்றிலும் கடலைக் கொல்லை, நடுவே பாய்மரம். வரப்பெல்லாம் ஜனம்.

இறக்கிய ஐந்தாவது நிமிஷம் வலப்பக்க இடுக்குகளில் தண்ணீர் உள்ளே கசியத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் சின்னச் சின்னக் கால்வாய்கள் மாதிரி ஓடியது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.  இடப்பக்கமும் அதே மாதிரி ஒழுகியது என்பதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை.

"சரிதானா இது?" என்று கேட்டார் அருள்ராஜ்.

"குடிக்கட்டும்" என்றார் மாமா.  வாளியை எடுத்து இறைக்க ஆரம்பித்தார். நானும் இறைத்தேன், அருள்ராஜும் இறைத்தார். மறுநாளும் இறைத்தோம், ஆனால் ஒரு வாளி சேர ஆகும் நேரம் கூடிக்கொண்டே போனது.

மூன்றாம் நாள் காலையில் வாளியில் அள்ள ஒன்றும் இல்லை. மாமா வலப்பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து பட்டு நூலை எடுத்தார். நுனியை எச்சில் தொட்டு முறுக்கினார். பலகைக்கும் பலகைக்கும் நடுவே, என் அக்கா காசு நுழைத்துப் பார்த்த அதே இடத்தில், வைத்துத் தள்ளினார். நூல் மடங்கியது. ஒரு முழம் தள்ளி வேறொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் மடங்கியது. பிறகு நூலை என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு" என்றார்.

நான் பார்த்தேன். இரண்டு முறை வைத்தேன். நூல் உள்ளே போகவில்லை.

மாமா எழுந்து, கரையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சிறுமியைப் பார்த்தார். பிறகு அருள்ராஜிடம், "இப்போ உங்க பொண்ண ஏத்துங்க" என்று சொல்லிவிட்டு, பீடிக் கட்டைத் தேடினார். அது நனைந்து போயிருந்தது.